மறுநாள் மத்தியானம் வரை

உட்காரலாமா என்று உங்களை நான் கேட்கவில்லை, கவனித்தீர்களா? இது அரசாங்கப் பேருந்து. காலி இருக்கை மக்களுடையது. அதைக் கேட்டு வாங்கினால், உங்களிடம் இல்லாத ஓர் உரிமையை நானே உங்களுக்குக் கொடுத்தது போல ஆகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள். என் வாழ்க்கை இப்படியே போய்விட்டது. பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பா? நினைத்தேன். எந்தக் கம்பெனி? வேண்டாம், சொல்லாதீர்கள். சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை.

மகரதோரணம் ஈவென்ட்ஸ் ஆள் இல்லையே நீங்கள்? தலையை ஆட்டுகிறீர்கள். அவர்கள் ஆளாக இருந்தாலும் இப்படித்தான் ஆட்டுவீர்கள். பரவாயில்லை. நான் சொல்லப் போவதெல்லாம் நாலு பேர் காதில் விழ வேண்டிய விஷயம்தான். அரியமங்கலம் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வண்டி நகரப் போவதில்லை. கேளுங்கள்.

என் பெயர் வீரபத்திரன். மேடை, பந்தல், அலங்காரத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூடம் எனக்கு ஆறாவதோடு சரி. மிச்சத்தையெல்லாம் துண்டறிக்கையில் படித்தேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். "விழித்தெழு பந்தல் தொழிலாளியே" என்று திருவெறும்பூர் சுவரிலெல்லாம் ஒட்டியிருந்ததே, பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் போனைப் பார்க்கிற ஜாதி.

இப்போது லேபர் ஆபீஸுக்குப் போகிறேன். இன்றைக்கு இரண்டாவது பேச்சுவார்த்தை. கம்பெனி ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம், நடுவில் அதிகாரி. எதற்கு என்று கேட்கிறீர்களா? ஓய்வுக்கு. வேறு ஒன்றுக்கும் இல்லை. தூங்குவதற்கு.

எங்கள் வேலையில் கட்டுவது பாதி, பிரிப்பது பாதி. ஜனங்களுக்குக் கட்டியதுதான் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் கடைசி வேனில் ஏறிப் போன பிறகு எங்கள் ஆட்கள் ஏணி போட்டுத் துணியை அவிழ்த்து, பைப்பைக் கழற்றி, லாரியில் ஏற்றி விடியும்போதுதான் குடோனுக்கு வருவார்கள். அந்த ஆளையே காலையில் வேறு ஊருக்கு அனுப்பி மேடை போடச் சொன்னால் என்ன ஆகும்? கண் சொருகும். கீழே விழுவான். விழுந்திருக்கிறார்கள். இதற்காகத்தான் பெரியவர் காலத்தில் வேலைநிறுத்தம் செய்தோம். ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம். பாதிப் பந்தல் நிற்கிறது, பாதி தரையில் கிடக்கிறது. நாங்கள் பைப்பின் மேல் உட்கார்ந்துவிட்டோம். நாதஸ்வரக்காரர் வந்து இறங்கிவிட்டார். பெண் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நான் அசையவில்லை.

பெரியவர், அதாவது இப்போதைய முதலாளி கிரிதரனின் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்னய்யா வேணும் உனக்கு?" என்றார். "பிரிப்புக்குப் போனவனுக்கு மறுநாள் மத்தியானம் வரைக்கும் வேலை போடக் கூடாது" என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கையெழுத்துப் போட்டால் சங்கத்தை அங்கீகரித்தது போல ஆகிவிடுமாம். "மிஷின்ல ஏத்திடறேன்யா. அப்புறம் நானே நெனச்சாலும் உன் ஆளை எடுக்க முடியாது" என்றார்.

அந்த மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. யாரோ ஒரு காலேஜ் வாத்தியார் எழுதிக் கொடுத்த புரோகிராம். எத்தனை பைப், எத்தனை ஜமுக்காளம், எந்த லாரி, எந்த ஆள் எல்லாம் அதற்குள். கணக்கர் கனகசபை ஒருவருக்குத்தான் அதை ஓட்டத் தெரியும். அவர் வாத்தியாரைக் கூப்பிட்டு எங்கள் ஓய்வு விதியை அதில் ஏற்றினார். அதன் பிறகு, பிரிப்புக்குப் போனவன் நம்பரை மறுநாள் காலைக்குத் தட்டினால் மிஷின் கீ கீ என்று கத்தும். எழுதிக்கொள்ளாது. மானேஜர் தட்டினாலும் கத்தும். ஒரு முறை பெரியவரே வந்து தட்டினார், அதற்கும் கத்தியது. "என் வூட்டு மிஷினு, என்னையே திட்டுது பாரு" என்று சிரித்துக்கொண்டே போனார். எங்கள் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கைதட்டினார்கள்.

சிவப்புக் கொடியின் வெற்றி ஒரு முதலாளியின் மிஷினுக்குள் போய் உட்கார்ந்தது. எந்த ஊரில் நடந்திருக்கிறது? சொல்லுங்கள்.

பெரியவர் போய்ச் சேர்ந்தார். கனகசபை ஓய்வுபெற்று மகளோடு புனேவுக்குப் போய்விட்டார். பையன் கிரிதரன் வந்தான். மகரதோரணம் பந்தல் நிலையம் என்ற பெயரில் பந்தல் நிலையத்தை எடுத்துவிட்டு ஈவென்ட்ஸ் என்று போர்டு வைத்தான். பழைய மிஷின் சரியில்லை என்று முனக ஆரம்பித்தான். அதற்கேற்ற மாதிரி ஒரு கூத்தும் நடந்தது. யானை முகம் வைத்த கல்யாண வாசல் ஒரு கட்சி மாநாட்டுக்குப் போய்விட்டது. மாநாட்டுக்குப் போக வேண்டிய கொடி வளைவு லால்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போய் நின்றது. தாய்மாமன் எதிர்க்கட்சி. பெரிய ரகளை. எல்லோரும் மிஷின் மேல் பழி போட்டார்கள். நான் நம்பவில்லை. மிஷினைத் தூக்கி எறிய ஒரு காரணம் வேண்டும், அதற்கு அவர்களே வேண்டுமென்று மாற்றி அனுப்பினார்கள். ஆதாரம் கேட்காதீர்கள். இதற்கெல்லாம் ஆதாரம் வைத்துக்கொண்டா செய்வார்கள்?

பிறகுதான் அந்தப் பெண் வந்தாள்.

இந்துஜா. சென்னைக் கம்பெனியிலிருந்து. பழைய புரோகிராமை எடுத்துவிட்டுப் புதியது போடுகிறவர்கள். இனி எல்லாம் போனில் வருமாம். உங்களைப் போலவே ஒரு பை, உங்களைப் போலவே வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அதுதான் எனக்கு முதல் நாளே உறுத்தியது. படித்தவர்கள் வந்தால் பேசுவார்கள், நமக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இவள் கேட்கிறாள். "அண்ணா, இந்தப் பைப்பை ஏன் கடைசியா ஏத்துறீங்க?" "அண்ணா, ஆள் குறைஞ்சா யாரைக் கூப்பிடுவீங்க?" லாரியில் முன்னால் உட்காராமல் பின்னால் ஆட்களோடு ஏறி வந்தாள். மண்டபத்தில் எங்கள் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். உளவு பார்க்க வருகிறவர்கள் சாப்பாட்டு வழியாகத்தான் வருவார்கள் என்று ஒரு துண்டறிக்கையில் படித்திருக்கிறேன். நான் எழுதியதாகவும் இருக்கலாம்.

குடோன் வாசலில் கூட்டம் போட்டேன். "தோழர்களே, இந்தப் பெண் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் உங்கள் கழுத்துக்கு எடுக்கிற அளவு. எவனும் வாய் திறக்கக் கூடாது. கேட்டால் சங்கத்தைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள்" என்றேன். கட்டுப்பாடு என்றால் எங்கள் ஆட்களிடம் பார்க்க வேண்டும். மறுநாளிலிருந்து ஒருவன் பேசவில்லை. அவள் வணக்கம் சொன்னால்கூட "சங்கத்தைக் கேளுங்க" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். கனகசபைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "தெரியாத நம்பர் வந்தா எடுக்காதீங்க" என்று. பாவம், அவர் எடுக்கவே இல்லை.

அவள் என்னிடமே வந்தாள். நான் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா, ஒரு சந்தேகம். நீங்கதான் சொல்லணும்."

"கேளும்மா."

"பழைய புரோகிராம்ல ஒண்ணு இருக்கு. ராத்திரி பிரிப்புக்குப் போனவங்களுக்கு மறுநாள் காலைல வேலை போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. அது எதுக்குன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. அது தப்பா வந்ததா, இல்ல வேணும்னே வச்சதா?"

பார்த்தீர்களா? எவ்வளவு சாமர்த்தியம்? எங்கள் கோட்டையின் வாசல் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்கிறாள். வேண்டுமென்றே வைத்தது என்று நான் சொன்னால் என்ன ஆகும்? நேரே கிரிதரனிடம் போய், "சார், சங்கத்தோட உயிர் இங்கதான் இருக்கு" என்று சொல்லுவாள். மறுநாளே அதை வெட்டிவிடுவார்கள். நான் இதையெல்லாம் எத்தனை பேச்சுவார்த்தையில் பார்த்தவன்? முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சிரித்தேன்.

"அது பழைய மிஷின்மா. கிறுக்குப் பிடிச்சது. சும்மாவே கத்தும்" என்றேன்.

"நிச்சயமாவா ஐயா? ஏதோ காரணம் இருக்கற மாதிரி தோணுது. தப்புன்னா புதுசுல அதைக் கொண்டு வர மாட்டோம். அதான் கேட்கறேன்."

"காரணமாவது ஒண்ணாவது. எடுத்துப் போட்டுட்டுப் போங்க."

அவள் போகவில்லை. டீயை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "இதனால உங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் பாதிப்பு இல்லையே?" என்று மறுபடியும் கேட்டாள். எத்தனை தடவை கேட்டாலும் பதில் அதுதான் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எதிரியின் தூதுவரை எதிரியிடமே வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த வயதில்.

என்ன பார்க்கிறீர்கள்? முழுக்கக் கேளுங்கள். பாதியில் முடிவுக்கு வருவது படித்தவர்களின் வியாதி.

புதியது வந்தது. எல்லோர் போனிலும் ஏற்றினார்கள். டிங் என்று சத்தம் வரும், எந்த மண்டபம், எத்தனை மணி, எந்த லாரி என்று தமிழில் வரும். ஆட்களுக்குப் பிடித்துப்போனது. அதுவே எனக்குச் சந்தேகம். முதலாளி கொடுக்கிற ஒன்று தொழிலாளிக்குப் பிடித்தால் அதில் ஏதோ இருக்கிறது. இருந்தது. விதி இல்லை. ஓய்வு இல்லை. விடியற்காலையில் லாரியை விட்டு இறங்குகிறவனுக்கு அங்கேயே டிங். அடுத்த மண்டபம். எதுவும் கத்தவில்லை.

நான் அன்றே சொன்னேன்: வெட்டிவிட்டார்கள். எப்படியோ கண்டுபிடித்து வெட்டிவிட்டார்கள். நம்மில் ஒரு கறுப்பு ஆடு இருக்கிறது, அவன்தான் காட்டிக் கொடுத்தான். ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் தைரியநாதன் விழுந்தான்.

நல்ல உழைப்பாளி. அதிகம் பேச மாட்டான். தஞ்சாவூரில் ஒரு கண்காட்சியைப் பிரித்துவிட்டு வந்தவன். நேரே கரூரில் ஒரு வரவேற்புக்கு விளக்குச் சட்டம் ஏற்றப் போனான். ஏணியின் மேலேயே கண் அசந்துவிட்டான். இடுப்பெலும்பு. பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான், எழுந்து நடப்பானா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து உட்காரும்படி அங்கேயே முழக்கம் போட்டேன். நர்ஸ் வெளியே அனுப்பிவிட்டாள்.

அவன் மனைவி ரோஸ்மேரி. அதே கம்பெனியில் பூ கட்டுகிற பிரிவில் இருக்கிறாள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். வழக்கமாகப் பெண்கள் பின்னால் உட்கார்ந்து கைதட்டுவார்கள். இவள் எழுந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அந்த இந்துஜா பொண்ணு ஒங்ககிட்ட வந்து கேட்டுச்சாமே. அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

நான் அவள் துக்கத்தை மதிக்கிறவன். கோபப்படவில்லை. "அம்மா, இது தனிமனிதர் பிரச்சினை இல்லை. வர்க்கத்தின் பிரச்சினை" என்று ஆரம்பித்து விளக்கமாகச் சொன்னேன். அவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ, "ஒரு வார்த்தைல சொல்லலாம்ல" என்றான். யார் என்று பார்ப்பதற்குள் குனிந்துகொண்டான். அந்தக் கறுப்பு ஆடாகத்தான் இருக்கும்.

முதல் பேச்சுவார்த்தைக்கு ரோஸ்மேரியையும் அழைத்துப்போனேன். பாதிக்கப்பட்டவர் மனைவி முன்னால் உட்கார்ந்தால் அதிகாரிக்கு மனம் இளகும். கம்பெனி வக்கீல் எழுந்தார். "இப்படி ஓர் ஓய்வு விதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தால் காட்டட்டும்" என்றார். எதைக் காட்டுவது? பெரியவர் இல்லை. வாத்தியார் செத்துப்போனார். கனகசபைக்கு இப்போது மறதி, போனில் என்னையே யார் என்று கேட்கிறார். மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். "அந்தப் பழைய புரோகிராமைப் பார்த்தவங்க யாராவது வந்து சொன்னா போதும். வழக்கத்துல இருந்த சலுகைன்னு எடுத்துக்கிட்டு, திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். என் முகத்தையும் ரோஸ்மேரி முகத்தையும் பார்த்து அடுத்த தேதியைச் சொன்னார். இன்றைய தேதி. செவ்வாய்க்கிழமை.

இன்றைக்கு யாரும் வரவில்லையென்றால் ஃபைலை மூடிவிடுவார். அப்புறம் எல்லா ஆட்களுக்கும் நிரந்தரமாக டிங்தான். அடுத்து எவன் விழுவானோ.

இப்போதுதான் சூழ்ச்சியின் உச்சம் வருகிறது, கேளுங்கள். போன வாரம் எனக்கு ஒரு போன். அந்த இந்துஜா. ரோஸ்மேரிதான் நம்பர் கொடுத்திருக்கிறாள்.

"ஐயா, தைரியநாதன் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். எனக்குத் தூக்கமே வரல. நான் வந்து சொல்றேன் ஐயா. அந்தப் புரோகிராமை முழுசாப் படிச்சது நான்தான். அந்த விதி இருந்துச்சுன்னு எழுதியே கொடுக்கறேன்."

"உன் கம்பெனி உன்னைச் சும்மா விடுமா?"

"விடாது. வேலை போகும். வேற தேடிக்கறேன்."

சொல்லுங்கள், யாராவது நம்புவார்களா? அடுத்தவன் தூங்குவதற்காகத் தன் வேலையை விடுகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்களா? இருந்தார்கள். நாங்கள் இருந்தோம். எங்களோடு அந்தப் பட்டியல் முடிந்துவிட்டது. லேப்டாப் பையோடு ஒருத்தி வந்து அதில் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளே உளறிவிட்டாள்.

"ஒண்ணு மட்டும் ஐயா. ஏன் எடுத்தீங்கன்னு அதிகாரி கேட்டா நான் மறைக்க முடியாது. உங்களைக் கேட்டேன், கிறுக்குன்னு சொன்னீங்க, அதனால எடுத்தேன்னுதான் சொல்லுவேன். உங்களைக் குத்தம் சொல்ல இல்ல. நடந்தது அதுதானே. நானும் இன்னும் ரெண்டு பேரைக் கேட்டிருக்கணும்."

ஆ! பார்த்தீர்களா? வந்துவிட்டது. இதற்குத்தான் இவ்வளவு அன்பு. ஓய்வைக் கொடுக்கிற மாதிரி கொடுத்து, சங்கத்தின் தலையை வாங்குவது. செயலாளர் சொல்லித்தான் எடுத்தோம் என்று அரசாங்க ஆபீஸில் பதிவாகிவிட்டால் பிறகு எந்த வாசலில் நான் நின்று பேசுவது? நான் சொன்னது தந்திரம். யுத்த தந்திரம். அதை இந்தப் பெண் "நடந்தது" என்கிறாள். தந்திரத்துக்கும் நடந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் மறுக்கவில்லை. மறுத்தால் உஷாராகிவிடுவாள். "ரொம்ப நல்லதும்மா, வா. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு" என்றேன்.

வியாழக்கிழமை. புரிகிறதா? செவ்வாய்க்கிழமையை வியாழக்கிழமை ஆக்கிவிட்டேன்.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்? சாட்சி இல்லாமல் எப்படி ஜெயிப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள், அதுதானே? சாட்சியை வைத்து ஜெயிப்பது வக்கீல் வேலை. நான் பேசுவேன். ஓய்வின் வரலாற்றைப் பேசுவேன். நேற்று முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், பெரிய பேச்சு. அதிகாரி அசந்துபோவார். ரோஸ்மேரி நேற்று சாயங்காலம் வந்து, "அண்ணே, நானும் வரட்டா?" என்று கேட்டாள். "நீ ஆஸ்பத்திரியில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். சரி என்று தலையை ஆட்டினாள். உங்களைப் போலவே.

வண்டி நகர்ந்துவிட்டது. இதோ, அந்த வளைவு தாண்டினால் லேபர் ஆபீஸ்தான். கொஞ்சம் வழி விடுங்கள், முன்னால் போய் நிற்கிறேன்.

இருங்கள்.

அந்தக் கேட்டில் நிற்பது யார்? எனக்குத் தூரத்தில் அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் பாருங்கள். இரண்டு பெண்கள். ஒருத்தி மஞ்சள் புடவையா? கையில் சாப்பாட்டுக் கூடை இருக்கிறதா? ரோஸ்மேரி. பக்கத்தில்? பை மாட்டியிருக்கிறாளா? சொல்லுங்கள், பை இருக்கிறதா?

அவர்களுக்குப் பின்னால் நிற்பதெல்லாம் எங்கள் ஆட்கள். எல்லாரும். இன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறார்கள். யாரைக் கேட்டு வேலைநிறுத்தம்? நான் அழைப்பு விடவில்லையே.

பார்த்தீர்களா? நான் சொன்னேனா இல்லையா? எப்படி வலை விரித்திருக்கிறார்கள் பார்த்தீர்களா? ஒரு பெண்ணை வைத்து ஒரு சங்கத்தையே வாங்கிவிட்டார்கள்.

கண்டக்டர் கத்துகிறான். கத்தட்டும். நான் இறங்கவில்லை. "போலாம் ரைட்!" ஆமாம், போகச் சொல்லுங்கள். இப்போது இறங்கினால் அவர்கள் விரித்த இடத்தில் கால் வைத்தது போல ஆகும். செயலாளர் இல்லாமல் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும்? நடக்காது. சட்டப்படி நடக்காது. என் நாற்காலி காலியாக இருந்தால் அதிகாரி தள்ளி வைப்பார். தள்ளி வைத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பெண் என்ன சொன்னாலும் அது செல்லாது. அந்த ஓய்வு நான் வாங்கியது. அவள் வாய்திறந்து அது திரும்பி வந்தால் அது யாருடைய ஓய்வு? சொல்லுங்கள்.

உள்ளே போகிறார்களா? என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை, கழுத்து வலி. நீங்கள் கொஞ்சம் பாருங்கள். எல்லாரும் போகிறார்களா? வாசலில் ஒருவராவது நின்று ரோட்டைப் பார்க்கிறார்களா, எனக்காக?

வேண்டாம். சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.